ஒரு கை தூரத்தில் நின்ற உருண்டைகள்

பல்லடம் சாலையில், மூடிப்போன நூற்பாலை ஒன்றின் வளாகத்தில், ஞாயிறுதோறும் சாய உருண்டைச் சண்டை நடக்கிற மைதானத்தில், விடுதிக்குப் புதிதாக வந்த அஜிலா என்ற பெண்ணைக் குறிவைத்துச் சுட்ட உருண்டைகள் எல்லாம் அவளைத் தொட ஒரு கை தூரம் இருக்கும்போது பிரேக் போட்டதுபோல் காற்றிலேயே நின்றுவிட்டன என்பதில் அன்றைக்கு அங்கே இருந்த யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. அருள்செல்விக்கும் ஆச்சரியம் இல்லை, வயிறுதான் எரிந்தது.

எரியாதா பின்னே? நியாயத்தை யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்கள் விடுதிக்குப் பெயிண்ட்பால் ஆட்டத்தைக் கொண்டுவந்தவளே அருள்செல்விதான். கோபியிலிருந்து சட்டம் படிக்க வந்தவள், யாராவது வெயில் அதிகம் என்று சொன்னால்கூட எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்கிறவள், பையன்கள் மட்டும் விளையாடிக்கொண்டிருந்த அந்த மைதானத்துக்குப் போய், அதன் சொந்தக்காரரும் நடுவருமான ரங்கதுரை அண்ணனிடம் ஒரு மத்தியானம் முழுக்க வாதாடி, அவர் காதைப் பொத்திக்கொண்டு "சரிங்க அம்மணி, வாங்க, வந்து சுடுங்க" என்று சொல்லும்வரை விடாதவள். ஆட்டம் முடியும்வரை முகமூடியைக் கழற்றக் கூடாது, சுடாத நேரத்தில் குழலுக்கு உறை போட்டிருக்க வேண்டும், மறைகிற சுவரோடு ஒட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் தள்ளி நின்று எட்டிப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் முட்டியும் முதுகும் கன்றிக் கன்றிக் கற்றுக்கொண்டு, விடுதி மெஸ் மேசையில் புளியங்கொட்டைகளைப் பரப்பி மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவள். "ஒருத்தி பேசணும், ஒருத்தி நடக்கணும்" என்பாள். பேசுவது என்றால் சுடுவது. ஒருத்தி விடாமல் சுட்டு எதிராளியின் தலையைக் குனிய வைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தி அடுத்த மறைவுக்கு ஓட வேண்டும், பிறகு அவள் பேச இவள் நடக்க வேண்டும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் குற்றம், ஒரே நேரத்தில் நடந்தாலும் குற்றம். இப்படி ஒன்றும் தெரியாத மூன்று பெண்களை ஓர் அணியாக்கிப் பையன்கள் அணிகளைத் தோற்கடிக்கவும் வைத்து, அணித்தலைவி கட்டுகிற சிவப்புத் துணியைத் தன் கையில் கட்டிக்கொண்டவள் அவள். அந்தத் துணியைத் துவைத்துக் காயப்போடும்போதுகூட வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

அந்த மைதானத்தின் வழக்கங்களையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்த அநியாயம் யாருக்கும் புரியாது. ரங்கதுரை அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கதை சொல்லித்தான் ஆட்டத்தைத் தொடங்குவார். இன்றைக்கு இந்த மில் ஓர் அணைக்கட்டு, சாவி ஒரு கட்சியிடம் இருக்கிறது, மதகு இன்னொரு கட்சியிடம் இருக்கிறது, என்ன செய்வீர்களோ செய்யுங்கள் என்பார். உருண்டை பட்டு வெடித்து உடம்பில் சாயம் ஒட்டினால் ஆள் செத்தாள். கையைத் தூக்கிக்கொண்டு பழைய பஞ்சுக் கிடங்குக்குப் போய்விட வேண்டும். அந்தக் கிடங்குக்கு வைகுண்டம் என்று பேர். அங்கே ஒரு நீள பெஞ்சும், ஒரு கூடை பொரியும், பானையில் மோரும் இருக்கும். செத்தவர்கள் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, உயிரோடு இருப்பவர்கள் வைகுண்டத்து வாசல்படியை மிதிக்கக் கூடாது. சுட்டது எதிராளியா சொந்தக் கட்சியா என்ற கேள்வியே அங்கே கிடையாது. சாயம் சாயம்தான்.

அஜிலா மார்த்தாண்டத்திலிருந்து சட்டம் படிக்க வந்து அருள்செல்வியின் அறையில் சேர்ந்தவள். முதல் ஞாயிறு முகமூடிக்குள் மூச்சுப் புழுங்கிக் கண்ணாடி மறைத்துப்போய், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல், மில்லின் திறந்த முற்றத்து நடுவில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல் நிமிர்ந்து நின்றுவிட்டாள். எதிர்க்கட்சிப் பையன்கள் மொத்தப் பேரும் அவள்மேல் கொட்டினார்கள். நீலமும் மஞ்சளும் பச்சையுமாக உருண்டைகள் வந்து, நின்று, சுண்டைக்காய்க் கொத்துபோல் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. ரங்கதுரை அண்ணன் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தி, அவளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"சாயம் இல்லீங்க. அவுட் இல்லை. ஆட்டம் நடக்கட்டும்."

"அண்ணா, அது எப்படிங்கண்ணா? குறி சரியாத்தானே இருந்துச்சு" என்று எதிர்க்கட்சிக்காகவும் சேர்த்து வாதாடினாள் அருள்செல்வி.

"குறிக்கெல்லாம் நான் என்ன பண்ணட்டும் அம்மணி? வெடிச்சாத்தான் எனக்குக் கணக்கு."

ஆட்டம் முடிந்த பிறகும் உருண்டைகள் கீழே விழவில்லை. அஜிலா நடந்தால் நடந்தன, உட்கார்ந்தால் தணிந்தன. டவுன் பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் டிக்கெட் கட்டைச் சொடுக்கியபடி பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, இதையெல்லாம் வெச்சுக்கிட்டு நடுவுல நின்னா மத்தவங்க எப்படி ஏறி எறங்கறது? முன்னால போய் என்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டுல தனியா உக்காருங்க" என்றார். அந்த சீட்டில் இருந்த அம்மா எழுந்து இடம் விட்டார், டிரைவர் துண்டால் சீட்டைத் தட்டிவிட்டார். கடைசி நீள சீட்டில் மற்ற மூன்று பேரோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, பொரிப் பொட்டலத்தில் கையை விட்டபடி, அருள்செல்வி அந்தத் தனி சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். சிம்மாசனம் என்று நினைத்துக்கொண்டாள். வந்த மறுநாளே சிம்மாசனம்.

அப்புறம் ஊர் அதைப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொன்னால் அருள்செல்விக்கு இன்னும் ஆத்திரம் வரும். விடுதிக் காப்பாளர் அம்மா முதலில் உருண்டைகளை விருந்தாளிகள் என்று வைத்து, இருட்டுவதற்குள் வெளியே போக வேண்டும் என்றார், பிறகு யோசித்து, அவை சாமான் வகையில் சேரும் என்று விட்டுவிட்டார். மெஸ்ஸில் சரசு அக்கா, ஒரு மஞ்சள் உருண்டை காற்றாடி வேகத்தில் ஒதுங்கி சாம்பார் வாளிப் பக்கம் போனதைப் பார்த்த பிறகு, அஜிலா சாப்பிட வரும்போது மட்டும் காற்றாடியை நிறுத்திவைத்தார், மூலை மேசையை அவளுக்கென்று ஒதுக்கினார், மற்றவர்கள் வியர்த்து வழிந்துகொண்டு சாப்பிட்டார்கள், ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. ஊசிக்கு அழுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கள் வந்து, "அக்காவைப் பாரு, எதுவும் படாது அக்காவுக்கு" என்று காட்டினார்கள். பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயில் நோன்பித் திருவிழாவில் சீரியல் செட் விளக்குகள் எரியாமல் போன இடத்தில் அவளைக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். பேப்பரில் ஐந்தாம் பக்கத்தில், மின்தடை அறிவிப்புக்குக் கீழே, போட்டோவோடு வந்தது. அதில் அஜிலாவின் தோளுக்குப் பின்னால் பாதி முகமாக ஓர் ஆள் நிற்பது தெரியும். அது அருள்செல்வி. பேர் போடவில்லை.

வகுப்பில் குற்ற முயற்சி பற்றிப் பாடம் நடத்திய பேராசிரியை அம்மாகூட விட்டுவைக்கவில்லை. "இதோ அஜிலா உட்கார்ந்திருக்கிறாள். இந்த உருண்டைகளை எய்தவர்கள் குற்றவாளிகளா? பட்டால்தான் குற்றமா, குறிவைத்ததே குற்றமா?" என்று கேட்டார். அருள்செல்வி எழுந்து, மனசில் நினைப்பது குற்றமாகாது, கை நீண்டால்தான் முயற்சி, முயற்சி பலிக்காவிட்டாலும் குற்றம் குற்றமே என்று, பிரிவு எண்களோடு, மூச்சு விடாமல், இதுவரை அந்த வகுப்பில் யாரும் பேசாத அளவுக்கு அழகாகப் பேசினாள். பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் வகுப்பே உருண்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் விழுந்து ஒவ்வொன்றும் கண்ணாடிக் குண்டுபோல் மின்னிக்கொண்டிருந்தது.

அறைக்குள் மட்டும் அஜிலா ஒரு மாதிரி சங்கோசமாக இருப்பாள். படுக்கும்போது உருண்டைகளுக்கும் சேர்த்துக் கொசுவலையை இழுத்துவிடுவாள். மழை ஈரத்தில் அவை உப்பிக்கொண்டு நிறம் மங்கினால் தாவணித் தலைப்பால் விசிறிவிடுவாள்.

"அருளு, ஒண்ணு கேட்டா கோவப்படுவியா?"

"கேட்டாத்தானே தெரியும்."

"அந்த வைகுண்டத்துல இருந்துட்டு என்னத்தப் பேசுவிய?"

"வெட்டிப்பேச்சு. வேறென்ன."

"இல்ல மக்கா, வெளிய நிக்கும்பம் சிரிப்புச் சத்தமா கேக்கும். நஸ்ரின் சிரிப்பு தனியாத் தெரியும். எனக்கு ஒரு நாளும் அங்க வர முடியலியே."

ஒரு நாளும் அவுட் ஆகவில்லை என்பதை இப்படிச் சுற்றிவளைத்துப் பீற்றிக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்ட அருள்செல்வி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

பெங்களூரிலிருந்து ஒரு பெண்கள் அணி ஆட வருகிறது என்று ரங்கதுரை அண்ணன் சொல்லியனுப்பிய அன்று, அருள்செல்வி மெஸ் மேசையில் புளியங்கொட்டைகளைப் பரப்பினாள். உக்கடத்து நஸ்ரின், அவளோடு முதல் நாளிலிருந்து ஆடுகிறவள், ஒரு கொட்டையை எடுத்து விரலில் உருட்டினாள்.

"ஏண்டி அருளு, சும்மா கேக்கறேன். பட்டாத்தானே அவுட்டு? அவ மேல படவே படாது. அவளை முன்னால விட்டு நாம வரிசையா பின்னால நடந்தாப் போச்சு. அப்புறம் எதுக்கு இந்தப் புளியங்கொட்டை?"

"வரிசையா நின்னா பக்கவாட்டுல இருந்து ஒரே ஆள் மொத்தப் பேரையும் சாய்ச்சுடுவாடி. இத்தனை நாளா அதைத்தானே சொல்லிக்கொடுத்தேன்."

"இத்தனை நாளா அஜிலா இல்லை."

"அவ என்னடி பண்ணினா? நின்னா. சும்மா நிக்கறதுக்குப் பேரு திறமையா? தென்னைமரம்கூடத்தான் நிக்குது, அதுக்கும் சிவப்புத் துணி கட்டுவியா?"

யாரும் அதுவரை சிவப்புத் துணியைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாததை அவளே பேசிவிட்டாள் என்பது வாயை மூடிய பிறகுதான் தெரிந்தது. நஸ்ரினும் மற்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நஸ்ரின் மெதுவாக, "நீயே சொல்லிட்டே. நாங்க எப்படிச் சொல்றதுன்னு இருந்தோம்" என்றாள்.

"எனக்கு வேண்டாம் மக்கா" என்றாள் மூலை மேசையிலிருந்து அஜிலா. "எனக்குச் சுடவே சரியாத் தெரியாது. அருளே இருக்கட்டு."

தோற்றுப்போவதையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஜெயித்தவள் இரக்கப்பட்டு விட்டுக்கொடுப்பதைப் பொறுக்க முடியுமா? அருள்செல்வி முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்துத் துணியைக் கொண்டுபோய் அஜிலாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைக்கும்போது உருண்டைகள் அவள் கைக்கு வழிவிட்டு ஒதுங்கின. எல்லா நிறங்களும் அவற்றில் இருந்தன, தங்கள் அணி சுடுகிற ஆரஞ்சைத் தவிர.

பெங்களூர் அணி வந்த ஞாயிறு மைதானத்து வேலியைச் சுற்றி ஊரே நின்றது. ரங்கதுரை அண்ணன் மைக்கில் கதை சொன்னார்.

"இன்னிக்கு இந்த மில்லு ஒரு ஊருங்க. வெள்ளம் வருது. மேட்டுல இருக்கற பழைய ஷிப்டு சங்கை ஊதினா ஊர் பொழைச்சுக்கும். ஊதவேண்டியது அருளு கட்சி... இல்லைங்க, அஜிலா கட்சி. ஊத விடாம நிறுத்தறது பெங்களூர்க்காரங்க. பொழுது சாயறவரைக்கும் நேரம். ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். மேல இருக்கற பிடியை ஒருத்தர் இழுத்துப் புடிச்சுக்கணும், கீழ இருக்கற சக்கரத்தை இன்னொருத்தர் சுத்தணும். ரெண்டு ஆள் இருந்தாத்தான் சங்கு ஊதும்."

விசில் ஊதியதும் அஜிலா முன்னால் நடந்தாள், மற்ற மூவரும் அவள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நடந்தார்கள், அருள்செல்வி மட்டும் வரிசையில் சேராமல், நூற்புக்கூடத்தின் துருப்பிடித்த இயந்திரங்களுக்கு நடுவே தனியாகக் குனிந்து போனாள். பெங்களூர் அணிக்குத் தலைமை தாங்கிய நெட்டைப் பெண் விஷயம் தெரிந்து வந்தவள். அவள் ஆட்கள் அஜிலாவை நோக்கி ஓர் உருண்டையைக்கூட வீணாக்கவில்லை. இரண்டு பக்கமும் பிரிந்து, சுவரோரமாக ஓடி, பக்கவாட்டிலிருந்து பேசினார்கள். முதலில் கடைசியில் வந்தவள், பிறகு நடுவில் வந்தவள், பிறகு நஸ்ரின், ஒவ்வொருத்தியாக நீலச் சாயம் வழியக் கையைத் தூக்கிக்கொண்டு வைகுண்டத்துக்குப் போனார்கள். நான் சொன்னேன் அல்லவா என்று அருள்செல்விக்கு மனசு குளிர்ந்தது. சொந்தக் கட்சி சாவதைப் பார்த்து மனசு குளிர்கிறதே என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது, ஒரு கணம்தான்.

அஜிலா நடந்துகொண்டே இருந்தாள். யாரும் தடுக்கவில்லை. மேட்டில் ஏறிச் சங்கின் பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சக்கரம் எட்டாமல், சுற்றிலும் பார்த்தாள். இயந்திரங்களுக்கு நடுவே வந்து மேட்டுக்குக் கீழே ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்த அருள்செல்வியை, திரும்பாமலே, எப்படியோ தெரிந்துகொண்டு கூப்பிட்டாள்.

"அருளு, வா மக்கா. நீ சுத்து, நான் புடிச்சுக்கிடுதேன். நீ வந்தாத்தான் ஆகும்."

போயிருக்கலாம். மறைவிலிருந்து மேட்டுக்குச் சில எட்டு தூரம்தான், குறுக்கே ஓர் எதிராளியும் இல்லை. ஓடிப்போய்ச் சக்கரத்தைச் சுற்றியிருந்தால் சங்கு ஊதியிருக்கும், ஊர் பிழைத்திருக்கும். ஆனால் ஊர் யாரைச் சொல்லியிருக்கும்? பிடியை இழுத்துக்கொண்டு உருண்டைகள் சூழ நின்ற சிவப்புத் துணிக்காரியைச் சொல்லியிருக்கும். சக்கரம் சுற்றியவள் பாதி முகமாகத் தோளுக்குப் பின்னால் நின்றிருப்பாள். வேலியோரம் ஜனங்கள் "அஜிலா, அஜிலா" என்று ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்கள். அப்போதுதான் அருள்செல்வி ஒன்றைக் கவனித்தாள். உருண்டைகள் முன்னாலும் பக்கங்களிலும்தான் இருந்தன. முதுகு காலியாக இருந்தது. முதுகுப் பக்கம் எப்போதும் சொந்தக் கட்சி நின்றதால், அந்த முதுகை நோக்கி இதுவரை ஒருத்தரும் குறிவைத்ததில்லை.

அவள் சுட்டாள்.

உருண்டை நிற்கவில்லை. போய்ப் பட்டு, முதுகின் நடுவில், செம்பருத்தி அகலத்துக்கு ஆரஞ்சாக வெடித்தது. வேலியோரம் சத்தம் அடங்கியது. அஜிலா பிடியை விட்டுவிட்டுக் கையைப் பின்னால் வளைத்துத் தடவி, விரலை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து பார்த்தாள். ஆரஞ்சு. உயிரோடு இருந்த ஆரஞ்சுக்காரி இன்னும் ஒருத்திதான். மேட்டிலிருந்து இறங்கி அவளிடம் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று அருள்செல்வி நினைத்தாள், அடித்தால் திருப்பிச் சொல்ல ஒரு வாதமும் தயாராக வைத்திருந்தாள்.

"பட்டுட்டு மக்கா" என்றாள் அஜிலா. குரலில் கோபமே இல்லை, பரீட்சை முடிந்தவள் குரல். சாகிற தலைவி மிச்சமிருக்கிறவளிடம் துணியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது மைதானத்து வழக்கம். சிவப்புத் துணியை அவிழ்த்து, ஆரஞ்சு விரல்களால், அருள்செல்வியின் கையில் இறுக்கக் கட்டிவிட்டாள். பிறகு கையைத் தூக்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக, வைகுண்டத்துக்குப் போனாள். உருண்டைகள் அவளோடு போகவில்லை. எஜமான் மாறிய ஆட்டுக்குட்டிகள்போல் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு, ஒவ்வொன்றாக மிதந்து வந்து, அருள்செல்வியிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றன.

கேட்டது எல்லாம் கிடைத்தது. அவள் மேட்டில் ஏறினாள். பிடியைப் பிடித்தால் சக்கரம் எட்டவில்லை, சக்கரத்துக்குப் போனால் பிடி மேலே போய்விட்டது. காலால் சக்கரத்தை உதைத்துப் பார்த்தாள், துணியை அவிழ்த்துப் பிடியைக் கட்டப் பார்த்தாள், துணியின் நீளம் போதவில்லை. வைகுண்டத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. நஸ்ரினுடையது. அதற்குப் பின்னால் இன்னொரு சிரிப்பு, அதுவரை அந்த மைதானத்தில் யாரும் கேட்காதது.

அவள் கீழே இறங்கிக் கிடங்கு வாசலுக்குப் போனாள்.

"நஸ்ரினு, ஒருத்தி வாங்கடி. ஒரே ஒரு நிமிஷம்."

பெஞ்சில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். செத்தவர்கள் பேசக் கூடாது, பேசவில்லை. நஸ்ரின் பொரியை வாயில் போட்டுக்கொண்டாள். ரங்கதுரை அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"உசுரோட இருக்கறவங்க உள்ள போகக் கூடாதுங்க அம்மணி."

"நான் சுட்டது செல்லாதுன்னு சொல்லுங்கண்ணா. இல்லைன்னா என்னை அவுட்டுன்னாவது சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு நியாயம்."

அவர் அவளைச் சுற்றி வந்து பார்த்தார். "சாயம் இல்லீங்களே" என்றார்.

அருள்செல்வி திறந்த முற்றத்து நடுவில் போய் நின்று, பெங்களூர்ப் பெண்களைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாள். சுடுங்கள் என்றாள். நெட்டைப் பெண் தோளைக் குலுக்கிக்கொண்டு சுட்டாள், அவள் ஆட்களும் சுட்டார்கள். நீல உருண்டைகள் வந்து, நின்று, லேசாக ஆடின. முதுகைக் காட்டி நின்று பார்த்தாள். முதுகுக்கும் ஒரு கை தூரத்தில் நின்றன. அந்த முதுகில் பட வேண்டுமானால் சொந்தக் கட்சிக்காரி ஒருத்தி சுட வேண்டும், சுடுகிற அளவுக்கு அவள்மேல் ஒருத்திக்காவது வயிறு எரிய வேண்டும். பெஞ்சில் இருந்தவர்கள் யாருக்கும் அப்படி ஒன்றும் எரிவதாகத் தெரியவில்லை. பொழுது சாய்ந்தது, சங்கு ஊதவில்லை, ரங்கதுரை அண்ணன் மைக்கில் ஊர் முழுகிவிட்டது என்று அறிவித்தார், ஜனங்கள் செருப்பைத் தட்டிக்கொண்டு கலைந்தார்கள்.

டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் உருண்டைகளைப் பார்த்தார், ஆள் மாறியிருப்பதையும் பார்த்தார்.

"முன்னால போங்க அம்மணி. என்ஜின் பெட்டிக்குப் பக்கத்துல."

சீட்டில் இருந்த பெரியவர் எழுந்து இடம் விட்டார், டிரைவர் துண்டால் தட்டிவிட்டார். என்ஜின் சூடு காலில் ஏறியது. அந்த இரைச்சலில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பேசினாலும் காதில் விழாது, பக்கத்தில் உட்கார இடமும் இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகு அருள்செல்வி திரும்பிப் பார்த்தாள். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையில் கடைசி நீள சீட்டு தெரிந்தது. நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நஸ்ரின் அஜிலாவைக் குனிய வைத்து, அந்தக் கறையைப் பக்கத்து சீட்டு அம்மாவுக்குக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா சிரித்தார், அஜிலா குனிந்தபடியே, பொரிப் பொட்டலத்தை விடாமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆரஞ்சு காய்ந்து ஓரங்களில் வெடித்து, உண்மையாகவே ஒரு பூப்போல் ஆகியிருந்தது. துவைத்தாலும் போகாது அது, மொட்டைமாடிக் கொடியில் காயும்போது பார்க்கிறவர்கள் எல்லாம் யார் சுட்டது என்று கேட்பார்கள், அவளும் ஒவ்வொருத்தருக்கும் சிரித்துக்கொண்டே சொல்லுவாள்.

என் உருண்டை அது, என்று நினைத்தாள் அருள்செல்வி. நான் சுட்டது. வயிறு எரிந்தது.